'ஒன்பது மாதத்தில் திரும்புவார்': ஏசிஎல் காயத்துக்குப் பின்னால் நடப்பது என்ன?

2024 செப்டம்பர் 22. மான்செஸ்டர் நகரின் எத்திஹாட் மைதானம். ஆர்சனலுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம்தான் ஆகியிருந்தது. கார்னர் கிக் வரப்போகிறது. பெனால்டி பெட்டிக்குள் இடம்பிடிக்க வழக்கமான தள்ளுமுள்ளு. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆர்சனலின் தாமஸ் பார்ட்டேயுடன் உரசியபடி ஓடினார், காலை ஊன்றினார், விழுந்தார். கொடூரமான ஃபவுல் எதுவும் இல்லை. எலும்பு முறிந்து பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சியும் இல்லை. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த அவரைச் சில நிமிடங்களில் வெளியே அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்திருந்தது. கூடவே மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பும் சேதம்.

இதற்கு ஐந்து நாள் முன்புதான், இத்தனை ஆட்டங்களை ஆடவைத்தால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் நிலை நெருங்கிவிட்டது என்று அவர் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய சீசனில் கிளப்புக்கும் நாட்டுக்குமாக அவர் ஆடியது 63 ஆட்டங்கள். அந்தக் களைப்பால்தான் இந்தக் காயம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். ஒற்றைக் காயத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது மருத்துவத்தில் முடியாத காரியம். ஆனாலும் அந்த ஐந்து நாள் இடைவெளி மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 28 அன்று, பாரிஸில் பாலன் டி'ஓர் விருதை ரோட்ரி ஊன்றுகோலோடு மேடையேறி வாங்கினார். உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்பட்ட அந்த இரவில் அவரால் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடியவில்லை.

இப்படி ஒரு செய்தி வந்ததும் ரசிகர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது வருவார்? கிளப் ஒரு எண்ணைச் சொல்லும். எட்டு மாதம், ஒன்பது மாதம், 'இந்த சீசன் முடிந்தது'. அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரர் மறுபடி ஜெர்சி போடும் நாளும், பழைய ஆட்டக்காரராக மாறும் நாளும் ஒன்றல்ல. செய்தியில் வரும் எண் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஐரோப்பாவின் உயர்மட்ட கிளப்புகளில் ஏசிஎல் அறுந்தவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சராசரியாக 7.4 மாதத்தில் அவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள்; ஓராண்டுக்குள் திரும்பியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. அதே ஆய்வின் இன்னொரு கணக்கு: மூன்று ஆண்டுகள் கழித்தும் உயர்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 65 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உண்மையான கதை இருக்கிறது.

முதலில் அந்தத் தசைநாரைப் பார்த்துவிடுவோம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து இரண்டு நார்கள் சிலுவைபோல ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. முன்னால் இருப்பது ஏசிஎல். நீளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். சுண்டுவிரல் அளவுக்குக்கூட வராது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமலும், கால் ஊன்றியிருக்கும்போது முழங்கால் கண்டபடி திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. நேராக நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிற்க, திசை மாற்ற, குதித்து ஒற்றைக் காலில் இறங்க அது வேண்டும். சொல்லப்போனால் கால்பந்தே அதுதானே.

எதிராளி வந்து மோதுவதால்தான் இது அறுகிறது என்று பலரும் நினைக்கிறோம். தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்களின் 39 காயங்களை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஆய்வில், 33 காயங்களில் முழங்காலின் மீது யாருமே நேராக மோதவில்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்து, கடைசி நொடியில் திசை மாற்றும்போது அறுந்ததே அதிகம். எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் மோதியதில் 2020 அக்டோபரில் விர்ஜில் வான் டைக்குக்கு நடந்தது போன்றவை நம் நினைவில் பதிந்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலும் இது ஆட்டக்காரரின் சொந்த வேகமும் சொந்த எடையும் ஒரு நொடியின் சிறு பகுதியில் செய்யும் காரியம். 'டப்' என்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சில மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கிவிடும். வீக்கம் ஏறுவதற்குள் மருத்துவர் முழங்காலைச் சற்றே மடக்கிவைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நார் இருந்தால் ஓர் இடத்தில் 'டக்' என்று நிற்கும். அறுந்திருந்தால் அந்த முடிவே கையில் தட்டுப்படாது. ஸ்கேனுக்கு முன்பே மைதான ஓரத்தில் அணியோடு இருப்பவர்களின் முகம் மாறிவிடுவது அதனால்தான்.

அறுந்த இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்துவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். பெரும்பாலும் தங்கவில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவம் ரத்தக்கட்டை உறையவிடாமல் கரைத்துவிடும். ரத்தக்கட்டு நிற்காமல் காயம் ஆறுவது கடினம். எனவே அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் நாரைச் சரிசெய்வதில்லை. புதிதாக ஒன்றைச் செய்துவைக்கிறார்கள். ஆட்டக்காரரின் சொந்த உடம்பிலிருந்தே, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு தசைநாணை எடுப்பார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருப்பது, தொடையின் பின்தசையில் இருப்பது, முன்தசையில் இருப்பது என்று மூன்று இடங்கள். எலும்புகளில் சிறு சுரங்கம் துளைத்து, அதன் வழியே தசைநாணைச் செலுத்தி, இரு முனையிலும் திருகாணியோ வேறு பிடிப்போ வைத்து இறுக்குவார்கள். இதில் ஒரு விலை இருக்கிறது. எங்கிருந்து எடுக்கிறார்களோ அந்த இடமும் இனி ஆற வேண்டும். ஒரு காயத்தைச் சரிசெய்ய இன்னொரு காயம்.

அப்புறம் நடப்பதுதான் மொத்தக் கதையிலும் எனக்கு மிக வியப்பான பகுதி. உள்ளே வைத்த தசைநாண் முதலில் சாகிறது. ரத்த ஓட்டம் துண்டிக்கப்பட்டதால் அதன் செல்கள் மடிந்து, வெறும் கூடுபோல நிற்கும். பிறகு சுற்றியிருக்கும் திசுக்களிலிருந்து புதிய ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே வளரும், புதிய செல்கள் குடியேறும், அவை பழைய நாரைப் பிய்த்துப் புது நாரைப் பின்னத் தொடங்கும். பிய்ப்பதும் பின்னுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் இடையில் ஒரு காலத்தில் அது அறுவை சிகிச்சையன்று இருந்ததைவிடப் பலவீனமாக ஆகிவிடுகிறது. ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. இதே காலத்தில்தான் வலி குறைந்திருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், ஊன்றுகோலைத் தூக்கி வைத்திருப்பார், 'நன்றாக இருக்கிறேன், ஓடட்டுமா' என்று ஆட்டக்காரர் கேட்பார். உடம்பு தெம்பாக உணரும் நேரமும் நார் மிக நலிந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ஒன்பது மாதத்தை நான்கு மாதமாக எந்தப் பணத்தாலும் சுருக்க முடியாததற்கு இதுவே காரணம். கோடீஸ்வரரின் முழங்காலிலும் ரத்தக்குழாய் அதன் வேகத்தில்தான் வளரும்.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த நாள் நடக்கும் முதல் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டிலில் காலை நீட்டி வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்கள். 'துண்டைக் கீழே அமுக்குங்கள், தொடையை இறுக்குங்கள்' என்பார் பிசியோ. அவ்வளவுதான் பயிற்சி. எண்பதாயிரம் பேர் முன்னால் நாற்பது கஜம் தாண்டிப் பந்தை அனுப்பிய கால் அது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தொடையைப் பார்க்கிறார். தொடை அசையவில்லை. தசை அறுபடவில்லை, நரம்பு வெட்டுப்படவில்லை. மூட்டு வீங்கியிருப்பதால் முதுகுத்தண்டு வழியாகப் போகும் கட்டளையை உடம்பே தடுத்துவைக்கிறது. சிலருக்குத் தொடையில் ஒட்டுகளை ஒட்டி மின்தூண்டல் கொடுத்துத்தான் தசையை மறுபடி எழுப்ப வேண்டியிருக்கும். சில வாரங்களிலேயே அந்தத் தொடை கண்ணுக்குத் தெரியும் அளவு இளைத்துவிடும். பேன்ட் ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்று நிற்கும்.

இந்த முன்தசையை மீட்பதே மறுவாழ்வில் பாதி வேலை. மூன்று நான்கு மாதத்தில் நேராக ஓட்டம், பிறகு பந்தோடு தனியாக, பிறகு மோதல் இல்லாமல் அணியோடு, கடைசியில் முழுப் பயிற்சி என்று படிகள் இருக்கின்றன. இப்போது நல்ல மருத்துவக் குழுக்கள் நாளை எண்ணி அடுத்த படிக்கு அனுப்புவதில்லை, தேர்வு வைத்து அனுப்புகின்றன. காயம்பட்ட காலின் பலம் மற்றதில் 90 சதவீதமாவது வந்துவிட்டதா, ஒற்றைக் காலில் தாவினால் இரு பக்கமும் ஒரே தூரமா என்று பார்ப்பார்கள். அதிலும் உடம்பு ஏமாற்றும். தாவிய தூரம் சமமாகவே இருக்கும். ஆனால் முழங்கால் செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் ஏற்றுக்கொண்டு ஈடுகட்டியிருக்கும். தூரத்தை மட்டும் அளந்தவர் 'பாஸ்' போட்டுவிடுவார்.

காத்திருப்பதில் பலன் உண்டா? உண்டு. 2016இல் வெளியான நார்வே-அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைவதாகக் கண்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு கணக்கின்படி, 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதம் பேருக்கு மறுபடி ஏசிஎல் அறுந்தது, அதே காலிலோ மறு காலிலோ. ரியல் மாட்ரிட்டின் எடர் மிலிட்டாவுக்கு 2023 ஆகஸ்டில் இடது முழங்கால், 2024 நவம்பரில் வலது. இளம் ஆட்டக்காரர் ஆறு மாதத்தில் திரும்பிவிட்டார் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, வயிற்றைப் பிசைகிறது.

இத்தாலியின் ராபர்ட்டோ பாஜ்ஜியோவை எடுத்துக்காட்டி எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. 2002 தொடக்கத்தில் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 77ஆம் நாள் ப்ரெஷா அணிக்காக இறங்கி இரண்டு கோல் போட்டார். உலகக் கோப்பைக்குப் போக வேண்டும் என்ற தவிப்பு. அந்தக் கோல்களைப் பார்த்தால் இன்றும் சிலிர்க்கும். ஆனால் இத்தாலி அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று எந்தக் குழுவும் அந்த 77 நாளை வழிகாட்டியாக எடுக்காது.

அவசரத்தின் விலையை நினைத்தால் பிரேசிலின் ரொனால்டோவை மறக்க முடியாது. அவருக்கு அறுந்தது ஏசிஎல் அல்ல. முழங்கால் சில்லைக் கீழ்க்காலோடு இணைக்கும் தசைநாண். 1999 நவம்பரில் அது பாதி கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்கூட நிறையாத 2000 ஏப்ரல் 12 அன்று, ரோமில் லாட்சியோவுக்கு எதிரான கோப்பை இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரராக வந்தார். சில நிமிடங்கள்தான். பந்தோடு முன்னேறி, தன் பாணியில் காலைப் பந்தின் மேல் சுழற்றி எதிராளியை ஏமாற்றப் போனவர், யாரும் தொடாமலே சரிந்தார். முழுவதுமாக அறுந்துவிட்டது. எதிரணி ஆட்டக்காரர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல், யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான இறுதிப் போட்டியில் இரண்டுமே அவருடையவை. மீட்சிக்கு இதைவிடப் பெரிய கதை கால்பந்தில் கிடையாது. ஆனால் காயத்துக்கு முன்பு பாதி மைதானத்தைப் பந்தோடு தனியாகக் கடந்த அந்தப் பையன் திரும்பவில்லை என்பதும் உண்மை. திரும்பியவர் வேறு மாதிரி ஆடினார். குறைவாக ஓடி, சரியான இடத்தில் நின்று, ஒரே தொடுதலில் முடித்தார். தன் உடம்பு எதைத் தருகிறதோ அதை வைத்து ஆட்டத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்.

மனம் என்ற பகுதி இருக்கிறது. அதைப் பயம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். விஷயம் இன்னும் நுட்பமானது. ஏசிஎல்லுக்குள் நரம்பு முனைகள் உண்டு. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அவை மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பும். ஒட்டிய நாரில் அந்தச் செய்தி பழையபடி வருவதில்லை. மூளை அந்தக் குறையை நிரப்பக் கண்ணைக் கூடுதலாக நம்பத் தொடங்குகிறது. ஆனால் ஆட்டத்தில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. பந்தையும் எதிராளியையும் பார்த்தாக வேண்டும். திரும்பி வந்தவர் முதல் சில மாதங்களில் அரை நொடி தாமதிக்கிறார், ஐம்பது சதவீதம் வாய்ப்புள்ள பந்துக்குப் போகாமல் பின்வாங்குகிறார் என்றால், அது கோழைத்தனம் அல்ல.

சரி, ரோட்ரி என்ன ஆனார்? 2025 மே 20 அன்று போர்ன்மத் அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இறங்கினார். எட்டு மாதம். அரங்கமே எழுந்து நின்றது. செய்திகளைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் கிளப் உலகக் கோப்பையில் தொடை இடுக்கில் வலி. அக்டோபரில் ப்ரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இருபது நிமிடம் தாண்டியதும் தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நெய்மாரின் பாதையும் இதே போன்றது. 2023 அக்டோபர் 17 அன்று மான்டெவிடியோவில் உருகுவேக்கு எதிராக ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் போயின. ஓராண்டுக்குப் பின் அல் ஹிலால் அணிக்குத் திரும்பியவர், இரண்டாவது ஆட்டத்திலேயே பின்தசையில் அடிபட்டு உட்கார்ந்தார். முழங்கால் நன்றாகவே இருந்தது. ஓராண்டு உயர்வேக ஓட்டம் பார்க்காத மற்ற தசைகள்தான் தாங்கவில்லை. திரும்பி வந்த முதல் ஆறு மாதமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று நான் சொல்வது இதனால்தான். அந்த மாதங்களை வைத்து 'ஆள் முடிந்துவிட்டார்' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

நம்பிக்கைக்கு இடமில்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 1992 டிசம்பரில் ஏசிஎல் அறுந்த இங்கிலாந்தின் ஆலன் ஷியரர், அடுத்த சீசன் லீக்கில் 31 கோலும் அதற்கு அடுத்ததில் 34 கோலும் போட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவம் அல்ல, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவம் அது. வான் டைக், 2021இல் நடந்த யூரோ கோப்பைக்கு அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம் என்று முடிவெடுத்து வீட்டில் இருந்தார். ஆகஸ்டில் லிவர்பூல் அணிக்குத் திரும்பி அந்த சீசன் முழுக்கத் தூணாக நின்றார். கோல்கீப்பர் திபோ கோர்ட்டுவாவின் கதை இன்னும் நெருக்கடியானது: 2023 ஆகஸ்டில் ஏசிஎல், திரும்பப்போகிற நேரத்தில் 2024 மார்ச்சில் மறு முழங்காலில் மெனிஸ்கஸ். மே முதல் வாரம் மறுபடி வலைக்கு முன் நின்றார், ஜூன் 1 அன்று வெம்ப்லியில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்.

மெனிஸ்கஸ் பற்றி ஒரு வார்த்தை. செய்தியில் 'ஏசிஎல்லுடன் மெனிஸ்கஸும்' என்று ஒரு துணைச்சொல்லாகத்தான் வரும். எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவாகவும் இருக்கலாம். முழங்காலின் ஷாக் அப்சார்பர் அது. வெட்டி எடுத்தால் சீக்கிரம் திரும்பலாம், ஆனால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் ஆபத்து கூடும். தைத்துக் காப்பாற்றினால் பல வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். 19 வயதில் காயம்பட்ட பார்சிலோனாவின் காவிக்கு இரண்டும் சேர்ந்தே போனது. அவர் ஏறக்குறைய 11 மாதம் எடுத்துக்கொண்டார். அந்த வயதுக்கு அது சரியான அவகாசம்.

பெண்கள் கால்பந்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. பெண்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். விவியன் மீடமா, பெத் மீட், லியா வில்லியம்சன் மூவரும் 2023 உலகக் கோப்பையைத் தவறவிட்டது இதனால்தான். மூவருமே அப்போது ஒரே கிளப்பில், ஆர்சனலில் இருந்தவர்கள். இடுப்பு அமைப்பு, ஹார்மோன் என்று உடம்பையே காரணமாகச் சொல்லிப் பல காலம் ஓட்டினார்கள். ஆண்களின் பாதத்துக்குச் செய்த பூட்ஸ், தரம் குறைந்த மைதானம், போதாத பிசியோ, பலப் பயிற்சிக்கான வசதியின்மை இவையெல்லாம் என்ன செய்கின்றன என்ற கேள்வி தாமதமாகத்தான் வந்தது. அலெக்ஸியா புட்டேயாஸ் 2022 யூரோ தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில் காயம்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயினோடு உலகக் கோப்பை வென்றார்.

பணத்தின் அழுத்தமும் இதில் இருக்கிறது. தேசிய அணிக்கு ஆடும்போது காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், ஃபிஃபாவின் திட்டம் கிளப்புக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ தரும்; ஓராண்டில் 75 லட்சம் யூரோ வரை. கிளப்பின் சம்பளச் செலவுக்கு அது உதவும். அணியில் விழுந்த பள்ளத்தை அது அடைக்காது. ரோட்ரி இல்லாத அந்தக் குளிர்காலத்தில் சிட்டி 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி கண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் 'இன்னும் நான்கு வாரம் வேண்டும்' என்று சொல்லும் மருத்துவருக்குத் தைரியம் வேண்டும். கேட்டுக்கொள்ளும் பயிற்சியாளருக்கும் வேண்டும்.

இந்தக் காயங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஸ்பெயினின் சான்டி காசோர்லாதான் எனக்கு நினைவுக்கு வருவார். அவருக்கு முழங்கால் அல்ல, வலது கணுக்கால். 2016 அக்டோபரில் ஆர்சனலுக்கு ஆடிய ஆட்டத்தோடு நின்றது. அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை, காயம் ஆறவில்லை. கிருமி உள்ளே புகுந்து குதிகால் தசைநாணில் எட்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டிருந்தது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே பிறகு சொன்னார். ஸ்பெயினில் விட்டோரியா நகரில் அந்தக் காலை மறுபடி கட்டியெழுப்பினார்கள். கணுக்காலில் தோல் போதவில்லை. இடது முன்கையிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அந்த இடத்தில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பெயரில் பாதி கையிலேயே நின்றது, பாதி கணுக்காலுக்குப் போனது.

2018இல் வில்லாரியல் அணிக்கு ஆடினார். 2019இல் ஸ்பெயின் அணி அவரை மறுபடி அழைத்தது. 2023இல், சிறுவனாகப் பயிற்சி பெற்ற ரியல் ஒவியேடோ கிளப்புக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனார். 2025 ஜூன் 21, முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டம். 24 ஆண்டுகளாக அந்த ஊர் காத்துக்கொண்டிருந்தது. அணி பின்தங்கியிருந்தபோது பெனால்டி கிடைத்தது. நாற்பது வயது காசோர்லா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார், ஓடிவந்தார், அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் ஒவியேடோ வென்று மேலே ஏறியது. அன்று 'ஓடமாட்டார்' என்று சொல்லப்பட்ட அந்தக் காலில், காலுறைக்கு உள்ளே, மகளின் பெயரிலிருந்து சில எழுத்துகள் இருந்தன.